தலைவலிக்கு லீவு கிடையாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வருகிற தலைவலி என்னுடையது இல்லை. பிரிசில்லாவுடையது. அவளிடம் கேட்காமல்தான் எடுத்து எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சிற்றிதழ் ஆசிரியர் கூப்பிட்டார். "உடல்நலச் சிறப்பிதழ் போடறோம் சார். அடிக்கடி தலைவலி வந்தா வலி மாத்திரை போடலாமா கூடாதான்னு பயனுள்ளதா, அழகா ரெண்டு பக்கம் குடுங்க" என்றார். பயனுள்ளதா, அழகா! எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. என்னமோ சாப்பாட்டுக்கு மேல் பீடா போடலாமா கூடாதா என்று கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். போடாமல் இருப்பதற்கு ஒரு மனுஷிக்கு என்னென்ன தேவைப்படுகிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? நானும் கேட்கவில்லை. 2002-இல், செங்கல்பட்டில், எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவளிடம் நான் கேட்கவில்லை.

ஆகவே கட்டுரை கிடையாது, கதைதான். ஆசிரியர் பிரசுரித்தால் பிரசுரிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். இன்றைக்கு 2009 ஜூலை. இதை எழுதும்போது எனக்கும் நெற்றிப்பொட்டில் லேசாக வலிக்கிறது. மேஜை மேல் ஓர் அட்டை மாத்திரை கிடக்கிறது. பத்தில் நாலு காலி. அது அங்கேயே இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: 'பிரிசில்லாவின் மண்டைக்குள் யாரோ உளி வைத்து'

வேண்டாம், அடித்துவிட்டேன். மாமல்லபுரத்துக்காரி என்றதும் உளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் அம்மா செங்கம்மாள் சிலைப் பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை பார்த்தாள் என்பது உண்மை. பட்டறைக்கு அடுத்த சந்தில்தான் அவர்கள் வீடு என்பதும் உண்மை. ஆனால் தலை வலித்தபோது பிரிசில்லா ஒரு நாளும் உளியைப் பற்றிப் பேசியதில்லை. "வலிக்குது சார்" என்பாள். அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: 'கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் பெண் ஒருத்தி'

சீ! அவள் பி.எஸ்ஸி. விலங்கியல், முதல் வகுப்பு. அவள் வீட்டில் பாட்டி தலைமுறை வரைக்கும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அவள்தான் முதன்முதலில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். 'ஏழைப் பெண்' என்று ஆரம்பித்தால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கம் வந்தால் கோபம் வராது. எனக்கு உங்கள் இரக்கம் வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்: 'காலை ஆறே காலுக்குப் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து சேரும்போது, பிரிசில்லாவின் இடது கண்ணுக்கு மேலே வலி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அலுவலகம் ராட்டினங்கிணறு பக்கம், ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது. பெயர் எதற்கு, மூடியாகிவிட்டது. வேலைக்குப் பெயர் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், யாருக்கு என்ன கோளாறு, என்ன மருந்து என்று பேசிப் பதிவு செய்வார். அந்தக் குரல் கம்பி வழியாகச் செங்கல்பட்டுக்கு வரும். இங்கே பிரிசில்லா காதில் ஹெட்போனை மாட்டி, காலடியில் இருக்கும் மிதியை மிதித்து மிதித்து, கேட்பதைத் தட்டச்சு செய்வாள். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். உலகத்தில் ஒரு டாக்டர் அவள் சொன்னபடி கேட்டது அங்கே மட்டும்தான்.

அந்த வேலையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கதைக்கு அவை வேண்டும். ஒன்று, காதில் விழாத சொல்லை ஊகித்து எழுதக்கூடாது. கோடு போட்டுவிட வேண்டும். கோட்டை நிரப்புவது திருத்துகிறவன் வேலை. திருத்துகிறவன் நான். நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறவனும் நான். தொண்ணூற்றெட்டரைக்குக் கீழே போனால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கை வாங்கினால் வேலை போய்விடும். இரண்டாவது, பெரிய பதிவாக இருந்தால் நடுவில் வெட்டி, முதல் பாதியை ஒருவருக்கும் இரண்டாம் பாதியை இன்னொருவருக்கும் கொடுப்பார்கள். சீக்கிரம் முடியுமாம். முழு நோயாளியின் கதையைக் கேட்டவர்கள் அந்த மாடியில் யாரும் கிடையாது, என்னைத் தவிர. இரண்டு பாதியும் ஒட்டவைக்க என்னிடம் வரும்.

எட்டு மணி நேரம் காதை அடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? எல்லோருக்கும் வலித்தது. அதற்காக எங்கள் மேலாளர் கேசவன் தன் மேஜையில் ஓர் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அது நிறையத் தலைவலி மாத்திரை போட்டு வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை தன் கையாலேயே நிரப்புவார். பிரிசில்லா முதலில் வாரத்துக்கு ஒன்று எடுத்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். கதை தொடங்கும்போது, பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் ஒன்று, மத்தியானம் சாப்பிட்டு ஒன்று என்று ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனாள். ஒரு கிளினிக், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலை நிமிராமலே, "இன்னும் கல்யாணம் ஆகலையா? ஆனா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லி, அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

* கீழே போட வேண்டிய குறிப்பு, இங்கேயே போடுகிறேன். காய்ச்சல் என்றால் கையை வைத்துப் பார்ப்பார்கள். கால் உடைந்தால் கட்டைப் பார்ப்பார்கள். தலைவலியை எதை வைத்துப் பார்ப்பது? அதனால் அது சோம்பேறித்தனம், சாக்கு, மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருக்கச் சொல்கிற பொய். அதுவும் பெண்ணுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். நம்ம ஊரில் தலைவலியைப் பற்றி எத்தனை நகைச்சுவைத் துணுக்குகள் வந்திருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றிலும் வலிக்கிறவள்தான் கேலிப்பொருள்.

4

ஒரு புதன்கிழமை. பதிவில் இருந்தவள் எங்கோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மா, வயது நாற்பத்தொன்று. தினமும் தலைவலி, தினமும் மாத்திரை, எத்தனையோ வருஷமாக. டாக்டரின் குரல் நிதானமாக இருந்தது. பிரிசில்லா மிதித்தாள். டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். அவள் காலை எடுத்தாள். திரும்பவும் ஓட்டிக் கேட்டாள். அப்புறம் இன்னொரு தரம். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், ஒரு டவுட்டு."

"எந்த வரி?"

"வரி இல்ல சார். மாத்திர போட்டா தலவலி வருமா?"

"யார் சொன்னது?"

"டாக்டர்தான். எங் காதுல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாசத்துல பத்து பதினஞ்சு நாளுக்கு மேல போட்டுகினே இருந்தா, அந்த மாத்திரையே வலிய இட்டாந்துடுமாம். நிறுத்துனாத்தான் வுடுமாம். மொதல்ல ஒரு ரெண்டு வாரம் ரொம்ப பேஜாரா இருக்குமாம், அப்பால கொறஞ்சிடுமாம். நான் தெனமும் ரெண்டு போட்டுகினு கீறேன் சார்."

"அது அந்தம்மாவுக்குச் சொன்னது, பிரிசில்லா."

"அந்தம்மா தலையும் தலதானே சார்?"

சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னுதுல 'நிறுத்தணும்'னு சொல்றதோட கட் ஆயிடிச்சி. மிச்சம் யாருகிட்ட போச்சு?"

"மெட்ராஸ் ஆபீஸுக்கு. இன்னும் வரல. வந்தாலும்... காதுல கேட்டது வாயில வரக்கூடாது, ரூல் தெரியும்ல?"

"தெரியும் சார்" என்று போய்விட்டாள். அன்றைக்கு மத்தியானம் ஊறுகாய் பாட்டிலுக்கு அருகே அவள் போகவில்லை. வேறு யாருக்கோ சொன்ன வைத்தியத்தை, அதுவும் பாதியில் அறுந்ததை, தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அசட்டுத்தனம் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நிமிர்ந்து பார்க்காத டாக்டர் தன் முகத்துக்கு நேரே சொன்னதைவிட, ஏழு கடல் தாண்டி யாருக்கோ பொறுமையாகச் சொன்ன டாக்டரை நம்பினாள். அந்த அசட்டுத்தனத்தில் என்ன குறை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

5

டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் வலி. இரண்டாம் நாள் வலியோடு வாந்தி. மூன்றாம் நாள் திரையின் வெளிச்சம் பட்டால் கண்ணில் தண்ணீர். இந்த இரண்டு வாரத்தை மாத்திரை இல்லாமல் தாண்ட வேண்டும், வேலையும் போகாமல் இருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். இந்தக் கதைக்கும் அதுதான்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏற்றுமதி ஆர்டர் இருந்ததால் ஞாயிறென்றும் பாராமல் பட்டறையில் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது" என்றாள் செங்கம்மாள். "ஒரு மாத்திரய போட்டுகினு எழுந்துருவியா, செவுத்த பாத்து படுத்துனுகீறியே. நான் பட்டறையில தெனம் ரெண்டு போட்டுகினுதான் நிக்கிறேன். எனக்கு இன்னா ஆயிடிச்சி?"

"ஒனக்கும் தெனமும் வலிக்குதும்மா. அதான் ஆயிகீது."

செங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்து, முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று சந்து வழியாகப் பட்டறைக்குப் போனாள். அங்கே மேஸ்திரி தனகோடி மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாத்த, மிஷின நிறுத்து."

"இன்னாத்துக்கு?"

"எம் பொண்ணுக்கு தல வலிக்குது."

"தலவலிக்கெல்லாம் மிஷின நிறுத்த சொல்றியே, ஆர்டர நீ முடிச்சி குடுப்பியா?"

"நாளைக்கு ரெண்டு மணி நேரம் கூட நின்னு தேச்சி குடுக்கறேன், போ. ஒரு நாளாவது நான் எதுனா கேட்டுகீறேனா ஒன்ன? நிறுத்துய்யா மொதல்ல!"

தனகோடி நிறுத்தினார். ஒரு மணி நேரம் பட்டறை

இல்லை, அரை மணி நேரம். ஒரு மணி என்று எழுதியிருந்தேன், அப்போதுதான் கதைக்கு எடுப்பாக இருந்தது. ஆனால் பிரிசில்லா திங்கட்கிழமை டீ நேரத்தில் என்னிடம் சொன்னது அரை மணி நேரம்தான். "அந்த அர மணி நேரம் தூங்கிட்டேன் சார்" என்றாள். இந்தக் கதையில் அவளுக்கு ஒருத்தர் கொடுத்த ஓய்வு மொத்தமே அவ்வளவுதான். அதையும் நான் கூட்டிக் காட்டக்கூடாது.

6

கேசவனை வில்லனாக்க மூன்று தரம் முயன்றேன். முதல் படியில் அவருக்கு மீசை வைத்தேன். இரண்டாவதில் பிரிசில்லாவைச் சாதி சொல்லித் திட்டவைத்தேன். மூன்றாவதில் மேஜையில் குத்தவைத்தேன். மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று. கும்பகோணத்துக்காரர், சாது, குரலை உயர்த்தாதவர். மாத்திரை வாங்கிவைப்பதை ஊழியர் நலன் என்று மனசார நம்பியவர். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம், நல்லவனை என்ன செய்வது?

ஆறாம் நாள் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு பத்து நாள் லீவு வேணும்."

"என்னம்மா, வீட்டுல விசேஷமா?"

"தலவலி சார்."

அவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "இது எதுக்கு இருக்கு?"

"இத நிறுத்தத்தான் சார் லீவு கேக்கறேன்."

"மாத்திரை போடாம இருக்கறதுக்கு லீவா?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "சரிம்மா, ஒரு டாக்டர் லெட்டர் கொண்டாந்து குடு. நான் மேல அனுப்பறேன். லெட்டர் இல்லாம என் கையில ஒண்ணும் இல்ல."

அன்று மாலையே அவள் பழைய கிளினிக்குக்குப் போனாள். அந்த டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "தலைவலிக்குச் சர்டிபிகேட்டா? யாரும்மா ஒத்துக்குவாங்க? டைபாய்டுன்னு எழுதித் தரேன், பத்து நாள் என்ன, மூணு வாரம் எடுத்துக்க."

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். வராத நோய்க்குச் சீட்டு கிடைக்கும். வந்த வலிக்குக் கிடைக்காது. இதை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

நீங்கள் அந்தச் சீட்டை வாங்கியிருப்பீர்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன். அவள் வாங்கவில்லை. மறுநாள் எரிந்து விழுந்தாள் என்மேல்: "ஒண்ணர வருசமா வலிக்குது வலிக்குதுன்னு சொல்றேன், ஒருத்தரும் நம்பல. வராத டைபாய்ட மட்டும் நம்புவாங்களா? எனக்கு டைபாய்டு இல்ல சார். எனக்கு தலவலி!"

7

இதை எழுதத்தான் ஏழு வருஷம் ஆயிற்று.

அந்த ஏழாம் நாள், அவள் என்னிடம் கத்திவிட்டுப் போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், மெட்ராஸிலிருந்து இரண்டாம் பாதி என் திரைக்கு வந்தது. பஸ் ஓட்டுகிற அம்மாவின் மிச்சம். படித்தேன். பதிவையும் ஓட்டிக் கேட்டேன், அதுதானே என் வேலை.

டாக்டர் வெறுமனே 'நிறுத்து' என்று சொல்லி முடிக்கவில்லை. இதைத் தனியாகச் செய்யாதீர்கள் என்றார். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதற்கு ஒரு மருந்து, வாந்திக்கு ஒரு மருந்து, இனிமேல் வலி வராமல் தடுக்கத் தினமும் இரவில் ஒன்று என்று மூன்று பெயர் சொன்னார். தாங்க முடியாவிட்டால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று ஓர் எண் கொடுத்தார். கடைசியில், அந்த அம்மாவின் முதலாளிக்கு நாலு வரிக் கடிதம் ஒன்று. அதில் பத்து நாள் ஓய்வு கேட்டிருந்தார்.

அதே மாத்திரை, அதே தலைவலி. அவளுக்கு மருந்தும் எண்ணும் கடிதமும். இவளுக்கு ஊறுகாய் பாட்டில்.

மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய், 'பிரிசில்லா, மிச்சம் வந்துடுச்சு. தனியா இருந்து செய்யாதேன்னு சொல்றாரு. நிமிர்ந்து பார்க்கிற டாக்டரா ஒருத்தரைத் தேடலாம், நானும் கூட வரேன்' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை. ரூல் என்றேன் மனசுக்குள். அந்த அம்மாவின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியிருந்திருக்காது, அப்புறம் என்ன ரூல்? போன மாதம்தான் மெட்ராஸில் வாய்விட்ட ஒருத்தனை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள், அந்தப் பயம் என்று இன்னொரு படியில் எழுதியிருந்தேன். அதெல்லாம் சால்ஜாப்பு. எனக்கு வலிக்கவில்லை. உண்மை அவ்வளவுதான்.

இரண்டு பாதியையும் ஒட்டினேன். பிரிசில்லாவின் பாதியில் ஒரு தப்புகூட இல்லை. நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பினேன். அன்றைக்கு அவள் செய்த பதிவுகளுக்குத் தொண்ணூற்றேழு போட்டு, ஏழு நாளில் அவளுக்குப் போகிற இரண்டாவது எச்சரிக்கையிலும் கையெழுத்துப் போட்டேன்.

8

ஒன்பதாம் நாள், வியாழன், பதினொன்றரை மணி. பிரிசில்லா துப்பட்டாவை நெற்றியில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் திரையில் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. காதில் விழுகிற சொல்லுக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பதிவும் போனால் மூன்றாவது எச்சரிக்கை. அதோடு வேலை போய்விடும்.

நான் எழுந்தேன். அவளிடம் போனேன் என்று நினைப்பீர்கள். கேசவன் மேஜைக்குப் போனேன். பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து வந்து, அவள் விசைப்பலகையின் மேல் வைத்தேன்.

"போட்டுக்கம்மா. இன்னிக்கு ஒரு நாளைக்கு. வேலை போயிடும்."

அவள் மாத்திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"சார், அந்த ஃபைலோட மிச்சம் ஒங்க கைக்குத்தானே வந்துது?"

நான் மாத்திரையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"அந்த பஸ் ஓட்டுற அம்மாவுக்கு டாக்டரு லீவு குடுத்தாரா சார்?"

"ஞாபகம் இல்ல" என்றேன்.

வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"சரி சார்" என்றாள். நான் என் இடத்துக்குத் திரும்பிவந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். அவள் பக்கம் திரும்பவில்லை.

9

முடிவு அ: பிரிசில்லா மாத்திரையை விழுங்கினாள். அரை மணியில் வலி இறங்கியது, மார்க் ஏறியது, வேலை நிலைத்தது. ஒன்பது நாள் பட்ட பாடெல்லாம் வீண். மறுநாள் காலை இடது கண்ணுக்கு மேலே அது வந்து உட்கார்ந்தது. (நடக்கக்கூடியதுதான். இதற்குத்தான் அந்த மாடியே கட்டப்பட்டிருந்தது.)

முடிவு ஆ: மாத்திரையைக் கேசவன் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு, பதினைந்தாம் நாள் காலையில் வலியில்லாமல் கண் விழித்தாள். அறுக்கிற மிஷின் சத்தம் அன்றைக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்தது. (இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகப்படுகிறேன். தலை சரியாவதற்கு வேலையைக் கொடுக்க வேண்டும் என்றால் அது என்ன வைத்தியம்?)

முடிவு இ: திருத்துகிறவன் அந்த நாலு வரிக் கடிதத்தை அச்செடுத்து, பெயரை மாற்றி, கேசவன் முன்னால் வைத்து, "இதான் சார் டாக்டர் லெட்டர்" என்று

வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நடந்தது எனக்குப் பாதிதான் தெரியும். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அவள் இடத்தில் சரோஜா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே, "சார், அந்த பாட்டில் யாரு வேணா எடுக்கலாமா?" என்று கேட்டாள். எடுக்கலாம் என்றேன். அந்த மாத்திரையைத் தேடினேன். விசைப்பலகையின் மேல் இல்லை, குப்பைத் தொட்டியிலும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது பூஞ்சேரி கூட்டு ரோட்டில் அவளைப் பார்த்தேன். கையில் குடை, தோளில் பை. பக்கத்தில் செங்கம்மாள் ஏதோ சொல்ல, "அட போம்மா!" என்று கையை வீசினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். வலிக்கிறதா, விட்டதா? தெரியவில்லை. எப்படித் தெரியும்? அதுதானே தலைவலியின் சங்கடம், வெளியே தெரியாது. கேட்டால்தான் தெரியும். இறங்கிக் கேட்டிருக்கலாம். பஸ் முழுசாக இரண்டு நிமிஷம் நின்றது. நான் இறங்கவில்லை.

* இந்தக் கதை மாத்திரையே போடக்கூடாது என்று சொல்வதாக எவராவது எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என்றைக்கோ ஒரு நாள் வலித்தால் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? தினமும் வலித்தால், தினமும் போட்டால், நிமிர்ந்து பார்க்கிற டாக்டராகப் பார்த்துப் போங்கள். கூட யாராவது போங்கள்.

10

என்னிடம் முடிவு இல்லை. இருப்பது இரண்டாம் பாதி மட்டும்தான். ரூலாவது மண்ணாங்கட்டியாவது. அந்தக் கடிதத்தை, எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொன்ன அதே கடிதத்தை, வார்த்தை பிசகாமல் கீழே எழுதுகிறேன். தமிழில் எழுதுவது ஒன்றுதான் நான் செய்த மாற்றம். பெயர் வருகிற இடத்தில், எங்கள் வழக்கப்படி, கோடு போட்டிருக்கிறேன்.

'சம்பந்தப்பட்டவர்களுக்கு. ____________ என் சிகிச்சையில் இருக்கிறார். வலி மாத்திரையை நிறுத்துவதற்காக இவருக்குப் பத்து நாள் ஓய்வு தேவை. அந்த நாட்களில் இவருடைய வேலைக்கு எந்தப் பாதகமும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இவருடைய வலி உண்மையானது.'

கடைசி வரியை அந்த டாக்டர் இரண்டு தரம் சொல்லிப் பதிவு செய்திருந்தார், தட்டச்சு செய்கிறவர் காதில் சரியாக விழ வேண்டும் என்பதற்காக.

உங்கள் வீட்டில், உங்கள் அலுவலகத்தில், உங்களுக்கு மூன்று நாற்காலி தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கோட்டை நிரப்புவது என் வேலையாக இருந்தது, நான் செய்யவில்லை. பேனாவை எடுங்கள்.